பாறையை உடுத்திய தட்டான்

நான்கு பொட்டுகள்தான் முதலில் தெரியும். நடுவில் கறுப்பு, இரு முனையிலும் வெள்ளை. ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் நீளம். பென்னாகரம் பக்கத்துக் கரடுகளில், காலை வெயில் சாய்ந்து விழும் பாறை முகத்தில், அவை எதன் மீதும் ஒட்டாமல் தாமாகவே நிற்கும். அவற்றுக்குரிய உடலைக் கண் தேடும்; கிடைக்காது. மேலே இரண்டும் முன்னிறக்கையின் பொட்டு, கீழே இரண்டும் பின்னிறக்கையின் பொட்டு, அப்படியானால் உடல் இந்த நான்கிற்கும் நடுவில்தான் கிடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அந்த இடத்தில் பார்வையை நிறுத்தினால், பாறையின் ஒரு துண்டு மெதுவாகப் பிரிந்து தட்டானாகும். அதற்குள் அது பறந்துவிடாமல் இருக்க வேண்டும்.

பிராடினோபைகா ஜெமினேட்டா என்பது இதன் அறிவியல் பெயர். ழூல் ராம்பூர் என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர் 1842இல் இதை முதலில் விவரித்தார். ஆங்கிலத்தில் கிரானைட் கோஸ்ட் என்கிறார்கள். மலையாளிகள் மதில்தும்பி என்கிறார்கள். நம் ஊரில் தட்டான் என்ற பொதுப்பெயருக்குள்ளேயே இதுவும் அடங்கிவிடுகிறது. இங்கே கல்தட்டான் என்று வைத்துக்கொள்கிறேன். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலில் இது இல்லை. நம் நாட்டில் ஏறத்தாழ 500 தட்டான், ஊசித்தட்டான் இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பரவலாகக் காணப்படுபவற்றுள் இதுவும் ஒன்று. அபூர்வம் என்பதற்காக நான் இதைக் கொண்டாடவில்லை. இத்தனை அருகில் இருந்துகொண்டு இவ்வளவு முழுமையாக மறையத் தெரிந்த வேறொரு பறக்கும் உயிரை நான் அறியேன்.

இதன் அழகைச் சொல்ல வேண்டுமானால் தருமபுரியின் கல்லை முதலில் சொல்ல வேண்டும். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து மாவட்டமான மண் இது. 2004இல் கிருஷ்ணகிரியைப் பிரித்துக் கொடுத்தது. எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் அடியில் கிடப்பது ஒரே கல்தான். பாலக்கோடு போனாலும், அரூர் போனாலும், பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்கு இறங்கினாலும் சாலையின் இரு பக்கமும் கரடுகள் கூடவே வரும். கேழ்வரகும் சாமையும் விளையும் கொல்லைகளின் நடுவே யானை முதுகளவு பாறை ஒன்று புதைந்து கிடக்கும். உழவர் அதைச் சுற்றி ஏர் ஓட்டியிருப்பார். பெயர்க்க முடியாத கல்லோடு தலைமுறை தலைமுறையாக உடன்பட்டு வாழ்ந்த நிலம் இது.

தூரத்தில் நின்று பார்ப்பவர் இந்தப் பாறையைச் சாம்பல் நிறம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். முழங்காலை மடக்கி உட்கார்ந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் அந்தச் சொல் போதாது. பெல்ஸ்பாரின் மங்கல் வெள்ளை ஒரு பக்கம். அதன் இடுக்குகளில் வெங்கச்சாங்கல்லின் ஈரப் பளபளப்பு. கரிய தாதுக்கள் ஒரே திசையில் இழுத்துவிட்ட கீற்றுகளாக. இவற்றுக்கெல்லாம் ஊடே, தலையை அசைக்கும்போது மட்டும் மின்னி அடங்கும் காக்காப்பொன். இது கல்லின் சொந்த நிறம். இதன் மேல் காலம் பூசிய நிறம் வேறு. பூஞ்சையும் பாசியும் கூடிவாழும் கல்பாசி வட்டவட்டமாகப் படர்ந்து ஓரிடத்தில் வெண்சாம்பல், ஓரிடத்தில் பச்சைச் சாம்பல், ஓரிடத்தில் மஞ்சளாகியிருக்கும். மழைநீர் வழக்கமாக வழியும் தடங்களில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் இறங்கும். வெயிலும் குளிரும் மாறி மாறித் தாக்கி மேல்தோல் பட்டையாக உரிந்த இடத்தில் உள்ளிருக்கும் புதுக்கல் வெளிறித் தெரியும்.

இத்தனையும் நாலரை சென்டிமீட்டர் உடலில் இருக்கிறது.

தலையிலிருந்து தொடங்குகிறேன். தட்டான்களின் கண்களே தலையின் பெரும்பகுதி. கல்தட்டானின் கண்கள் மேலே பழுப்பு, கீழே சாம்பலாக இறங்குகின்றன. செந்தட்டானின் கண்ணில் உள்ள குருதிச் சிவப்போ, நீலத் தட்டானின் கண்ணில் ஓடும் மரகதச் சாயலோ இதற்கு வாய்க்கவில்லை. மழையில் நனைந்து காய்ந்த கல்லின் பழுப்பு அது. பளிச்சென்ற கண் ஒன்று இருந்திருந்தால் மற்ற மறைப்பெல்லாம் வீணாகியிருக்கும். அடுத்து மார்பு: சாம்பல் தளத்தின் மேல் கறுப்பு, எங்கும் நேர்கோடாக ஓடாமல், கிளைத்து, அறுந்து, மறுபடி சேர்ந்து பரவியிருக்கிறது. மற்றத் தட்டான்களின் மார்பில் பட்டையாகவோ வரியாகவோ வரும் நிறம் இங்கே பளிங்கின் ஓட்டமாகச் சிதறிவிட்டது. தருமபுரி வீடுகளில் களி கிண்டுவதற்கு எடுத்துவைத்த கேழ்வரகு மாவில் அரிசி நொய் சிந்திக் கலந்தால் ஒரு நிறம் வருமே, அதற்கு மிகக் கிட்டே வரும் நிறம் இதன் மார்பில் இருக்கிறது.

வயிற்றுப் பகுதி மெலிந்து நீள்கிறது. ஒவ்வொரு கண்டத்திலும் வெளிறிய திட்டும் கரிய திட்டும் மாறி மாறி வருகின்றன. திட்டுகளுக்கு ஓரம் கிடையாது. கறுப்பு எந்த இடத்தில் முடிந்தது, சாம்பல் எந்த இடத்தில் தொடங்கியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. நுனியில் இரண்டு சிறு கொடுக்குகள், வெளிறிய மஞ்சள் நிறத்தில். இந்த ஓர் இடத்தில்தான் நிறம் சற்றே தலைகாட்டுகிறது. அதுவும் கல்பாசியின் மஞ்சளுக்குள் அடங்கிவிடும் அளவே. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே தோற்றம். தட்டான்களில் இது கவனிக்கத்தக்கது. பெரும்பாலான இனங்களில் ஆண் வண்ணம் காட்டி இடம் பிடிக்கும். பெண் மங்கலாக ஒதுங்கியிருக்கும். இங்கே இருவருமே கல்லின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

இறக்கைகள் நிறமற்றவை, கண்ணாடியாகத் தெளிந்தவை. மறைய விரும்பும் உயிருக்கு நிறமற்ற இறக்கையைவிடப் பொருத்தமான ஆடை இல்லை. எந்தப் பாறையில் உட்கார்ந்தாலும் அந்தப் பாறையே இறக்கையின் வண்ணமாகிவிடுகிறது. நரம்புப் பின்னல் மட்டும் மிக மெல்லிய கறுப்பு வலையாக மேலே கிடக்கும். வெயில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பட்டால் இறக்கை சட்டென்று மின்னும். வேறோர் இடமாக இருந்தால் அந்த மின்னல் காட்டிக்கொடுத்திருக்கும். காக்காப்பொன் கலந்த கல்லில் அது இன்னொரு மின்னலாகப் போய்விடுகிறது. இதைக் கவனித்த பிறகு, இந்தப் பூச்சி கல்லின் நிறத்தை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை, கல்லின் ஒளியையும் வாங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

நிறம் மட்டுமே மறைத்துவிடாது. எவ்வளவு ஒத்த நிறமானாலும் நிழல் விழுந்தால் உருவம் பிரிந்துவிடும். குச்சியின் நுனியில் உட்காரும் மற்றத் தட்டான்களைப் பாருங்கள். கால்களை ஊன்றி, உடலை உயர்த்தி, இறக்கைகளை ஏந்திக்கொண்டு இருக்கும். கல்தட்டான் அப்படி உட்காருவதில்லை. பாறையில் வயிறு படப் படிந்துகொள்ளும். உட்கார்ந்ததும் இறக்கைகளைக் கீழே தாழ்த்திச் சற்று முன்னோக்கி விரித்துப் பாறையோடு அழுத்தும். உடலுக்கும் கல்லுக்கும் இடையே ஒளி புகும் இடைவெளி இல்லாமல் போகிறது. இடைவெளி இல்லாததால் நிழலும் இல்லை. தரையளவாகக் கிடக்கும் பாறை, சாய்ந்த பாறை, செங்குத்தான பாறை எல்லாவற்றிலும் இதே இருப்புதான். செங்குத்து முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது இதன் கால்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை நினைத்துப் பார்க்கலாம். தட்டான்களின் கால்கள் நடப்பதற்கானவை அல்ல. பறந்தபடியே இரையைக் கூடைபோல் வளைத்துப் பிடிக்கவும், பற்றிக்கொண்டு உட்காரவும் மட்டுமே பயன்படுபவை. அந்தக் கால்களால் வழுக்கும் கல்லில் ஒரு சொரசொரப்பைக் கண்டுபிடித்து அசையாமல் நிற்கிறது.

இப்படி நிறத்தையும் ஒளியையும் நிழலையும் கவனித்து மறைத்த உயிர், அந்த நான்கு பொட்டுகளை மட்டும் ஏன் திறந்து காட்ட வேண்டும்? இறக்கையின் முன்விளிம்பில், நுனிக்குச் சற்று உள்ளே இருக்கும் இந்த அடர்ந்த அறையை அறிவியலார் டெரோஸ்டிக்மா என்பார்கள். எல்லாத் தட்டான்களுக்கும் இது உண்டு. இறக்கையின் மற்றப் பகுதியைவிட இது கனமானது. தட்டான் இறக்கை அசைக்காமல் மிதந்து செல்லும்போது, வேகம் ஓர் அளவைத் தாண்டினால் இறக்கை தானாகவே முறுக்கிப் படபடக்கத் தொடங்கும். முன்விளிம்பில் இருக்கும் இந்தச் சிறு கனம் அந்தப் படபடப்பை அடக்குகிறது. ஓகே நார்பெர்க் என்ற சுவீடன் ஆய்வாளர் 1972இல் இதை விளக்கினார். ஒரு தட்டான் இனத்தில், உடல் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாத இந்தப் பொட்டு, தடுமாறாமல் மிதக்கக்கூடிய வேகத்தை 10 முதல் 25 விழுக்காடு வரை உயர்த்துகிறது என்பது அவர் கணக்கு. ஆகவே பொட்டை விட்டுவிட முடியாது. பறப்பதற்கு அது வேண்டும்.

விட முடியாததை என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். முழுக்கக் கறுப்பாக இருந்திருந்தால் நான்கு கறுப்புக் கோடுகள் இறக்கையின் விளிம்பை வரைந்து காட்டியிருக்கும். இரு முனைகளிலும் வெள்ளை வைத்ததும் கோடு உடைந்து மணிகளாகிவிட்டது. பெல்ஸ்பாரும் கரிய தாதுவும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் கல்லில், வெள்ளையால் அணைக்கப்பட்ட கறுப்பு மணி எத்தனையோ உண்டு. மறைப்பதற்கென்றே அந்த வெள்ளை வந்தது என்று நான் அறுதியிட்டுச் சொல்லவில்லை. பார்க்கிறவன் கண்ணில் அது செய்யும் வேலையைச் சொல்கிறேன். தெரிந்துகொண்டவனுக்கு அந்தப் பொட்டு அடையாளம். தெரியாதவனுக்கு அது கல்லின் இன்னொரு புள்ளி.

கரட்டின் மேலேறினால் சுனைகள் வரும். பாறையின் முதுகில் இயற்கையாகவே குழிந்த இடங்கள். சில உள்ளங்கை ஆழம், சில இடுப்பளவு. தருமபுரி மழை குறைந்த மாவட்டம், ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டரை எட்டாது. சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடைமழை ஒரு முறை இந்தக் குழிகளை நிரப்பும். பிறகு ஆவணி தொடங்கி ஐப்பசி வரை விட்டு விட்டுப் பெய்வது இன்னொரு முறை நிரப்பும். இடையில் வெயில் குடித்துவிடும். பாறை மழையை உள்ளே இழுத்துக்கொள்வதில்லை; விழுந்த நீர் விழுந்த இடத்திலேயே வானம் பார்த்துக் கிடக்கும். அந்த நீரைத் தேடித்தான் கல்தட்டான் கரட்டில் இருக்கிறது.

ஆடு மேய்க்க வந்த ஓர் ஆயா, நான் கல்லையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“என்னா கண்ணு, வெறும் பாறைய பாத்துனு இருக்கற?”

“தட்டான் ஒண்ணு ஒக்காந்திருக்கு ஆயா.”

அவர் குனியக்கூட இல்லை. கோலை நீட்டிச் சுனையின் ஓரத்தைக் காட்டினார். “இங்கொண்ணு, அங்கொண்ணு. சுனையில தண்ணி நிக்கிற வரைக்கும் இதுங்க இங்கதான் கெடக்கும். தண்ணி வத்திட்டா எங்க போவுமோ தெரியாது. எங்க ஆடும் அப்படித்தான், சுனை வத்திட்டா கீழ எறங்கிடும்.”

ஆட்டுக்கும் தட்டானுக்கும் ஒரே சுனை. ஆயா சொன்னதில் இந்த உயிரின் வாழ்விடம் முழுவதும் அடங்கியிருந்தது. பாறை இல்லாத குளத்தில் இது அரிது; நீர் இல்லாத பாறையில் இது இல்லை. கல்லும் நீரும் தொட்டுக்கொள்ளும் அந்த ஓரம்தான் இதன் ஊர்.

பெண் சுனையின் மேல் தாழப் பறந்து வால்நுனியால் நீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடும். வெளிவரும் இளம்புழு நீருக்கடியில் வேறொரு வாழ்க்கை வாழ்கிறது. சுனையின் அடியில் படிந்த மண்டியின் நிறம் அதற்கு. பிறந்த நாளிலிருந்தே மறைவதுதான் தொழில். குடலின் பின்பகுதிக்குள் நீரை இழுத்து அங்கேயே மூச்சு வாங்கும். ஆபத்து வந்தால் அந்த நீரைப் பின்னால் பீய்ச்சி முன்னே பாயும். அதன் கீழுதடு மடங்கிய கைபோல் முகத்தின் கீழ் ஒடுங்கியிருக்கும். கொசுப்புழு ஒன்று நெளிந்து நெருங்கும்வரை அசைவிருக்காது. நெருங்கிய மறுகணம் உதடு நீண்டு, பிடித்து, வாய்க்குத் திரும்பியிருக்கும். கண் அந்த வேகத்தைப் பின்தொடராது. முன்பு அங்கே கொசுப்புழு இருந்தது, இப்போது இல்லை என்பது மட்டும் தெரியும்.

வளர்ந்து முடித்த புழு பெரும்பாலும் இரவில் நீரை விட்டு வெளியேறும். பாறையில் ஏறிக் கால்களை ஊன்றிக்கொள்ளும். முதுகு பிளக்கும். மார்பு முதலில், தலை அடுத்து, பிறகு கால்கள், கடைசியில் வயிறு என்று உள்ளிருப்பது வெளியே வரும். அப்போது அது கல்நிறத்தில் இருக்காது. வெளிறி, மென்மையாக, இறக்கைகள் பால்பூத்துக் கசங்கியிருக்கும். இறக்கைகளுக்குள் உடல்நீர் பாய்ந்து அவை விரிந்து காய்வதும், மெல்ல மெல்லச் சாம்பலும் கறுப்பும் ஏறுவதும் பின்னர் நடப்பவை. சட்டை மட்டும் பாறையில் ஒட்டியிருக்கும். அந்தச் சட்டையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். முதுகுப் பிளவில் வெள்ளை நூலிழைகள் சில தொங்கும். அவை மூச்சுக்குழல்களின் உட்தோல். சுவாசித்த வழிகளைக்கூட உரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

ஒகேனக்கல்லில் இதே கதை பெரிய அளவில் நடக்கிறது. இங்குள்ள கார்பனடைட் பாறைகளின் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டு என்பது நிலவியலார் கணக்கு. தட்டான்களின் மூதாதையர் பறக்கத் தொடங்கி 30 கோடி ஆண்டுதான் ஆகிறது. காவிரி வெள்ளத்தில் சிக்கிய கூழாங்கற்கள் ஒரே இடத்தில் சுழன்று சுழன்று பாறையில் ஆழமான வட்டக் குழிகளைக் குடைந்திருக்கின்றன. வெள்ளம் வடிந்ததும் அந்தக் குழிகளில் நீர் தங்கும். பரிசல் துறையின் இரைச்சலையும் எண்ணெய்க் குளியல் கூட்டத்தையும் மீன் வறுக்கும் புகையையும் தாண்டி, ஆற்றின் ஓரமாகச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் தட்டான்களின் வேறொரு சபை தெரியும்.

அங்கே ஒரே பாறையில் நேரெதிரான இரண்டு குணங்களைப் பார்க்கலாம். ட்ரைதெமிஸ் கிர்பியை என்றொரு தட்டான் உண்டு. ஆண் பழுத்த மிளகாயின் சிவப்பு. இறக்கையின் அடியில் அம்பர் நிறத் திட்டு. அதுவும் பாறையில்தான் உட்காரும், பாறைக் குழி நீரில்தான் இனம் பெருக்கும். ஆனால் வெந்த கல்லின் உச்சியில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து, தன் இடத்துக்கு வரும் இன்னோர் ஆணைத் துரத்திவிட்டுத் திரும்பும். ஓடும் நீரின் நடுவே தலைநீட்டும் கற்களில் அதன் உறவான ட்ரைதெமிஸ் ஃபெஸ்டிவா கருநீலமாக அமர்ந்திருக்கும். இவற்றின் அழகைப் பார்க்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை. குழந்தைகூட விரல் நீட்டிக் காட்டும். இந்தச் சிவப்பையும் நீலத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கல்தட்டான் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எனக்கோ, நாளாக ஆக, சிவப்பு சீக்கிரம் முடிந்துவிடுகிறது, சாம்பல் முடியவில்லை. சாம்பலுக்குள் இன்னும் எத்தனை நிறம் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஐப்பசியில் கொல்லைகளுக்கு மேலே கூட்டம் கூட்டமாக மிதக்கும் மஞ்சள் தட்டான் இன்னொரு எதிர்முனை. பன்டாலா ஃப்ளேவசென்ஸ் என்ற அந்த இனம் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து ஆப்பிரிக்கா வரை போகிறது என்பதை சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009இல் எடுத்துக்காட்டினார். அதற்கு உலகமே வழி. கல்தட்டானோ, கலைத்துவிட்டால் வேகமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பழைய இடத்துக்கோ பக்கத்துப் பாறைக்கோ திரும்பிவிடும். நண்பகல் ஏற ஏற அதே பாறையின் நிழல் பக்கத்துக்கு இடம் மாறிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

பாறையின் பிள்ளையாக இருந்த இந்த உயிர் மனிதர்களின் சுவருக்கும் வந்துவிட்டது என்பதுதான் இதன் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சுண்ணாம்பு உதிர்ந்த மதில், கல் கட்டிய கிணற்றின் உட்பக்கம், கோயில் குளப்படி, மாட்டுத் தொட்டி, சிமென்ட் தண்ணீர்த் தொட்டி எல்லாமே அதன் கணக்கில் பாறையும் சுனையுமே. நாட்பட்ட சிமென்டில் பாசி படிந்து, கறை வழிந்து, வெயிலில் வெளுத்த பிறகு அதன் நிறம் கரட்டின் நிறத்துக்கு வந்துவிடுகிறது. புதிதாக மஞ்சளோ பச்சையோ பூசிய சுவரில் உட்கார்ந்தால் பாவம், முழு உருவமும் அப்பட்டமாகத் தெரியும். பழைய சுவர்களை எனக்குப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த மாவட்டத்தின் நடுகற்களில் இதைப் பார்ப்பது தனி அனுபவம். தகடூர் எனப்பட்ட இந்த நாடு நடுகற்களின் நாடு. ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரனுக்கு நட்ட கற்கள் ஊர்ப்புறங்களில் இன்றும் நிற்கின்றன. பல இடங்களில் அவை வேடியப்பன் என்ற பெயரில் வழிபாட்டில் இருக்கின்றன. எண்ணெயும் மஞ்சளும் பூசிய முன்பக்கத்தில் கல்தட்டான் உட்காருவதில்லை. கல்லின் முதுகுப்புறம், யாரும் தொடாமல் கல்பாசி படிந்த பக்கத்தில் ஒட்டியிருக்கும். முன்பக்கத்தில் வில்லேந்திய உருவத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு சிற்பி கல்லைக் குடைந்து எழுப்பினான். பின்பக்கத்தில் இருக்கும் உருவம் எழும்பவே இல்லை. கல்லோடு கல்லாகப் படிந்திருக்கிறது. இரண்டையும் பார்க்கக் கல்லை ஒரு முறை சுற்றி வர வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்லும்போது கல்லின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பாறைத் தாதுக்களிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஃபுளூரைடு இம்மாவட்டத்து மக்களின் பல்லில் கறையாகவும் எலும்பில் வலியாகவும் இறங்கியது. ஜப்பான் நிதியுதவியோடு காவிரி நீரை ஊர் ஊராகக் கொண்டுவந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்ததன் காரணம் அதுதான். நான் இத்தனை நேரம் மெச்சிய அதே கல். அதைக் குடித்தவர்களின் வேதனையை மறந்துவிட்டு அதன் பளபளப்பை மட்டும் பேச எனக்கு மனம் வராது.

தொட்டி என்றதும் டெங்கு நினைவு வரும். கல்தட்டானின் இளம்புழு ஏடிஸ் கொசுவின் புழுக்களை எவ்வளவு தின்கிறது என்று ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கொசுக் கட்டுப்பாட்டுக்கு உதவக்கூடும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருக்கிறது. வாரம் ஒரு முறை தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறது சுகாதாரத் துறை. கொசு ஒரு வாரம், பத்து நாளில் வளர்ந்துவிடும். தட்டான் புழுவுக்கு அதைவிட நெடுநாள் வேண்டும். கழுவும்போது இரண்டும் போகும். வீட்டுக் குடிநீர்த் தொட்டியைக் கழுவி மூடித்தான் ஆக வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. கொல்லை மூலையிலுள்ள மாட்டுத் தொட்டியிலும், கரட்டுச் சுனையிலும், பயன்பாடற்ற கல்கிணற்றிலும் மட்டும் தட்டான் புழு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கை வைக்கலாம். கிரானைட்டுக்காகக் கரடுகளை அறுக்கும் இடங்களைப் பற்றியும் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. அறுபட்ட கரட்டில் போவது கல் மட்டும் இல்லை; அதன் முதுகில் இருந்த சுனையும், பல்லாண்டுகளாக வட்டம் வட்டமாக வளர்ந்த கல்பாசியும் சேர்ந்து போகின்றன. புதிதாக அறுத்த கல்லின் முகம் கல்தட்டானுக்கு அந்நியமானது. நிறம் பொருந்தாது.

உற்றுப் பார்ப்பதற்கு முடிவே இல்லை என்பதற்கு இந்தத் தட்டானின் குடும்பத்திலேயே சான்று இருக்கிறது. இந்திய மருத்துவப் பணியில் இருந்த எஃப். சி. ஃப்ரேசர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக இந்தியத் தட்டான்களை எழுதி வைத்தார். பின்வந்தவர்கள் எல்லாருக்கும் அதுவே அடிநூல். அதற்குப் பின் எண்பதாண்டுக்கும் மேல் கழிந்து, 2020இல், மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையிலிருந்து பிராடினோபைகா கொங்கணென்சிஸ் என்ற இன்னோர் இனத்தை சாந்தனு ஜோஷியும் தத்தபிரசாத் சாவந்தும் விவரித்தார்கள். அதுவும் பாறை நிறம்தான். ஒரு சாம்பலுக்கும் இன்னொரு சாம்பலுக்கும் உள்ள வேறுபாட்டை ஒருவர் பொறுமையாகப் பார்த்ததால் அது தனி இனமாயிற்று.

பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். புரட்டாசி மழை இரண்டு பெய்து, சுனைகள் நிரம்பி, நாலு நாள் வெயில் அடித்த பிறகு போவது நல்லது. காலை வெயில் சாய்வாக விழும் வேளையாக இருக்கட்டும். உச்சி வெயிலில் கல் கூசும், கண் ஒன்றையும் பிரித்துப் பார்க்காது. நீரிலிருந்து சில அடி தள்ளி நின்று, பாறையை இடமிருந்து வலமாக மெதுவாகக் கண்ணால் தடவிப் பாருங்கள். உங்கள் நிழல் கல்லின் மேல் விழ வேண்டாம், தட்டான் பறந்துவிடும். பறந்தால் துரத்த வேண்டாம், நின்ற இடத்திலேயே நில்லுங்கள், பெரும்பாலும் திரும்பி வரும். உட்காரும் கணத்தைப் பார்க்கக் கிடைத்தால் இன்னும் நல்லது: இறக்கை தாழ்ந்து கல்லில் படிவதையும் உருவம் கரைவதையும் கண்முன்னே காணலாம். கரடு ஏற முடியாதவர்கள் வீட்டுக் கொல்லையிலுள்ள பழைய தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே தேடுங்கள். காய்ந்த சட்டை ஒன்று ஒட்டியிருந்தால், அதை விட்டுப் போனது அதே சுவரின் வெளிப்பக்கத்தில் இருக்க வாய்ப்புண்டு.